கொழும்பில இருந்து ஓஃபிஸ் வேலையா வெளிநாடு போறீங்களா? ஃபோன், லெப்டொப், பவர் பேங்கோட எல்லை தாண்ட முழுமையான வழிகாட்டி

போன மாசம் எங்கட ஓஃபிஸ் தம்பி ஒருத்தன் முதல் தரம் சிங்கப்பூர் போக வெளிக்கிட்டவன். ஃப்ளைட் இரவு ஒரு மணிக்கு, எட்டு மணிக்கு கோல் எடுத்து "அண்ணா பவர் பேங்கை சூட்கேசுக்குள்ள வைக்கிறதா கையில கொண்டுபோறதா" எண்டு கேக்கிறான். சொல்லி முடிக்கேல்ல, அடுத்த கேள்வி: "என்ட சொந்த லெப்டொப்பும் ஓஃபிஸ் லெப்டொப்பும் ரெண்டையும் கொண்டுபோகலாமோ?" பிறகு, "டெமோ காட்ட ரெண்டு டேப்லெட் தந்தவை, அதுக்கு ஏதும் கடிதம் தேவையோ?" நான் கேட்டன், தம்பி இதெல்லாம் போன கிழமை கேட்டிருக்கலாமே எண்டு. சிரிக்கிறான்.

அவனுக்கு அண்டைக்கு அவசரத்தில சொன்னதை இப்ப ஆறுதலா எழுதுறன். நான் லோயர் இல்ல, எயார்லைன்காரனும் இல்ல, ஓஃபிஸ் வேலையா சென்னை, சிங்கப்பூர், துபாய், ரெண்டு மூண்டு தரம் லண்டன் எண்டு அலைஞ்ச ஆள், அவ்வளவுதான். இத்தனை வருசத்தில எனக்கு விளங்கினது ஒண்டு. பிரச்சினை சாமானால வாறது குறைவு, "இது ஆரின்ட, உள்ளுக்கு என்ன கிடக்கு, ஏன் கொண்டுபோறீர்" எண்டு கேக்கேக்க நாங்கள் முழிக்கிறதால வாறதுதான் கூட. கீழ சொல்லுற படி எல்லாம் அந்த மூண்டு கேள்விக்கும் பதிலை வீட்டில இருந்தே தயார் பண்ணுற வேலை.

படி 1: ரெண்டு கிழமைக்கு முதல், எல்லாத்தையும் கட்டிலில பரப்புங்கோ

உண்மையாவே பரப்புங்கோ. ஃபோன், ரெண்டாவது ஃபோன், லெப்டொப், சார்ஜர், பவர் பேங்க், ஹெட்ஃபோன், ஸ்மார்ட் வொட்ச், ஹார்ட் டிஸ்க், பேக்கின்ட சின்ன பொக்கெட்டுக்குள்ள எப்பவோ போட்டு மறந்த பென் டிரைவ் (அதுதான் கூட ஆபத்து, பிறகு சொல்லுறன்). ஒவ்வொண்டையும் பாத்து இது என்ட சொந்தமா, கொம்பனியின்டயா, வேற ஆரின்டயுமா எண்டு பிரியுங்கோ.

சொந்தமானது எண்டா சீரியல் நம்பர் தெரியிற மாதிரி ஒரு ஃபோட்டோ, வாங்கின பில் இருந்தா அதையும் ஒரு ஃபோட்டோ. யூனிட்டி பிளாசாவில வாங்கின லெப்டொப்புக்கு கடைக்காரன் தந்த வொரன்டி கார்ட்டே காணும், அதில திகதியும் சீரியலும் கிடக்கும். இது ஏன் எண்டா நீங்கள் திரும்பி வரேக்க "இதை வெளிநாட்டில வாங்கினீங்களோ" எண்டு கேட்டா, இல்ல ஐயா இது கொழும்பில வாங்கினது எண்டு காட்டத்தான். புதுசா, பெறுமதியா, பெட்டி கழட்டாத மாதிரி பளபளக்கிற கமரா லென்ஸ் மாதிரி சாமான் எண்டா போகேக்கயே கஸ்டம்ஸ் கவுண்டரில காட்டி எழுதுவிக்கலாமோ எண்டு கேட்டுப் பாருங்கோ, பத்து நிமிச வேலை.

கொம்பனியின்ட எண்டா லெட்டர்ஹெட்டில ஒரு கடிதம். இன்ன ஆள் இன்ன திகதியில இருந்து இன்ன திகதி வரைக்கும் இன்ன நாட்டுக்கு போறார், இந்த சீரியல் நம்பர் உள்ள சாமான் எங்கட கொம்பனியின்ட, விக்கிறதுக்கு இல்ல, திரும்பி வரும். நாலு வரி காணும், ஆனா இங்கிலீஷில இருக்கோணும், சீல் அடிச்சிருக்கோணும். சீலைக் கண்டா எந்த நாட்டு அதிகாரிக்கும் ஒரு ஆறுதல், அது ஏன் எண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்ல.

இந்தக் கடிதம் இல்லாம நான் பட்ட பாட்டை சொல்லுறன். ஒரு முறை வேற நாட்டு பிரான்ச்சுக்கு குடுக்க எண்டு மூண்டு லெப்டொப்பை ஒரே பேக்குக்குள்ள அடுக்கிக்கொண்டு போனன். எந்த எயார்போட் எண்டு வேண்டாம். எக்ஸ்-ரே மிஷினில மூண்டு கறுப்பு சதுரம் ஒண்டுக்கு மேல ஒண்டா தெரிஞ்சதும் பக்கத்தில கூப்பிட்டு இருத்தினவை. "மூண்டும் உம்மடயோ?" "இல்ல, ஓஃபிஸின்ட." "ஓஃபிஸின்ட எண்டதுக்கு என்ன இருக்கு?" ஒண்டும் இல்ல. ரெண்டு மணித்தியாலம் அந்த பிளாஸ்டிக் கதிரையில இருந்தன், கொழும்பில எங்கட அட்மின் அக்கா நித்திரையால எழும்பி கடிதம் அடிச்சு ஸ்கேன் பண்ணி அனுப்பும் மட்டும். பிழை அவையின்ட இல்ல, என்ட. ஒரு ஆள் மூண்டு லெப்டொப் கொண்டு வந்தா விக்கக் கொண்டு வாறார் எண்டுதான் ஆரும் நினைப்பினம். இந்தியாவில 18 வயசுக்கு மேற்பட்ட பயணிக்கு தீர்வை இல்லாம ஒரு லெப்டொப்புக்குத்தான் கணக்கு, அதையும் ஞாபகம் வச்சிருங்கோ.

கண்காட்சிக்கு, டெமோவுக்கு எண்டு சாமான் கனக்க போகுதெண்டா கடிதம் மட்டும் காணாது. அதுக்கு ஏ.டி.ஏ கார்னே எண்டு ஒரு புத்தகம் இருக்கு, சாமான்ட பாஸ்போட் மாதிரி. தற்காலிகமா கொண்டுபோய் திருப்பிக் கொண்டு வாறதுக்கு, ஒரு வருசம் வரைக்கும் செல்லும், போற நாட்டில தீர்வை கட்டத் தேவையில்ல. இலங்கையில சர்வதேச வர்த்தக சம்மேளனத்தின்ட இலங்கைக் கிளைதான் குடுக்கிறது. எந்த நாடு எந்த வகைச் சாமானுக்கு அதை ஏத்துக்கொள்ளும் எண்டது வித்தியாசப்படும், அங்கேயே கேட்டுக்கொண்டு வெளிக்கிடுங்கோ.

மூண்டாவது வகை, வேற ஆக்களின்ட சாமான். இது எங்கட ஆக்களுக்கே உரிய வியாதி. நீங்கள் லண்டன் போறீங்கள் எண்டு வெள்ளவத்தையில ஒரு ஃப்ளெட்டில தெரிஞ்சா காணும், மேல் மாடி அன்ரி ஒரு பார்சலோட வந்து நிப்பா. மிளகாய்த்தூள் எண்டா பரவாயில்ல. "தம்பி, இது பிள்ளையின்ட சாமத்தியவீட்டு வீடியோ, ஹார்ட் டிஸ்க்கில போட்டு வச்சிருக்கு, அண்ணாட்ட குடுத்து விடுவியளே?" எண்டு கேப்பா. வேண்டாம். அதுக்குள்ள வீடியோ மட்டும்தான் கிடக்கு எண்டு உங்களுக்கும் தெரியாது, அன்ரிக்கும் தெரியாது, அதை கொப்பி பண்ணிக் குடுத்த ஸ்டூடியோ பெடியனுக்கு மட்டும்தான் தெரியும். செக்-இன் கவுண்டரில "வேற ஆரும் தந்த சாமான் ஏதும் இருக்கோ" எண்டு கேக்கிறது சும்மா இல்ல. நான் இப்ப என்ன செய்யிறன் எண்டா அன்ரியின்ட ஹார்ட் டிஸ்க்கை வாங்கி வீட்டிலேயே கூகுள் டிரைவில ஏத்தி லிங்கை அண்ணாவுக்கு அனுப்பிடுறன், ஒரு இரவு எடுக்கும், அன்ரிக்கும் கோவம் இல்ல.

படி 2: உள்ளுக்கு கிடக்கிறதை குறையுங்கோ

இதுதான் முக்கியமான படி, கொஞ்சம் நேரம் எடுத்து வாசியுங்கோ.

உள்ளூரில பொலிஸ் உங்கட ஃபோனை பாக்கிறதுக்கும் எல்லையில அதிகாரி பாக்கிறதுக்கும் கன நாட்டில சட்டம் வேற வேற. அமெரிக்காவில உள்ளுக்கு எண்டா பொலிசுக்கு வொரண்ட் வேணும் எண்டு 2014 இல அவையின்ட உச்ச நீதிமன்றமே சொன்னது, ஆனா எல்லையில அது செல்லாது. 2024 நிதியாண்டில மட்டும் அங்க 47,000 சொச்சம் சாதனங்களை சோதிச்சிருக்கினம். உள்ள வந்த ஆக்கள் 42 கோடி, அதால உங்களுக்கு நடக்கிற சான்ஸ் சரியான குறைவு. ஆனா நடந்தா, வெளிநாட்டுக்காரர் திறக்க மாட்டன் எண்டு சொன்னா உள்ள விடாம திருப்பி அனுப்பலாம். ஒரு நல்ல விசயம், அவை பாக்கிறது ஃபோனுக்குள்ள கிடக்கிறதை மட்டும்தான், இன்டர்நெட் வழியா கிளவுட்டில கிடக்கிறதை இழுத்துப் பாக்கக்கூடாது எண்டு அவையின்ட 2018 விதியிலேயே இருக்கு. அப்ப செய்ய வேண்டியதும் அதிலேயே விளங்குது: ஃபோனில கிடக்க வேண்டாம், கிளவுட்டில கிடக்கட்டும்.

ஐக்கிய இராச்சியத்தில 2000 ஆம் ஆண்டு பயங்கரவாதச் சட்டத்தின்ட 7 ஆவது அட்டவணை எண்டு ஒண்டு. சந்தேகமே தேவையில்ல, ஆறு மணித்தியாலம் மட்டும் மறிச்சு வச்சு விசாரிக்கலாம், பாஸ்வேர்ட் கேட்டா குடுக்கோணும், குடுக்காட்டி அதுவே குற்றம். கேஜ் எண்ட அமைப்பின்ட பணிப்பாளர் முகம்மது ரப்பானி, அவர் பிரிட்டிஷ் பிரஜையே, 2016 இல ஹீத்ரோவில குடுக்க மாட்டன் எண்டவர், அடுத்த வருசம் கோர்ட்டில குற்றவாளி எண்டு தீர்ப்பு. நியூசிலாந்தில குடுக்காட்டி 5,000 டொலர் வரைக்கும் தண்டம். சீனாவில 2024 ஜூலையில இருந்து தேசிய பாதுகாப்பு அதிகாரிகளுக்கு சாதனங்களை சோதிக்க விதி இருக்கு.

இனி எங்கட விசயம். நாங்கள் தமிழ் ஆக்கள், ஒளிச்சுப் பேசி என்ன. வட்ஸ்அப் குடும்ப குரூப்பில கனடாவில இருக்கிற சித்தப்பா நவம்பர் மாசம் என்ன அனுப்புவார் எண்டு எல்லாருக்கும் தெரியும். நீங்கள் திறந்து பாக்காட்டியும் ஓட்டோ டவுன்லோட் போட்டிருந்தா அது உங்கட கலரியில வந்து குந்தியிருக்கும். புலிகள் அமைப்பு இந்தியாவில 1992, அமெரிக்காவில 1997, ஐக்கிய இராச்சியத்தில 2001, கனடாவிலயும் ஐரோப்பிய ஒன்றியத்திலயும் 2006 இல இருந்து தடைப்பட்டியலில கிடக்கு, எங்கட நாட்டில 1979 பயங்கரவாத தடைச் சட்டத்தின்ட கதையை நான் சொல்லத் தேவையில்ல. உங்களுக்கு ஒண்டும் இல்லாட்டியும் "இந்தப் படம் ஏன் உம்மட ஃபோனில" எண்டு கேட்டா, அந்த நேரத்தில சித்தப்பாவின்ட கதையை முதலில இருந்து ஆர் சொல்லிக்கொண்டிருக்கிறது? இண்டைக்கே வட்ஸ்அப் செட்டிங்கில போய் படம், வீடியோ எல்லாம் தானா கலரிக்கு இறங்கிறதை நிப்பாட்டுங்கோ. பழைய ஃபோர்வேர்ட் எல்லாம் அழியுங்கோ, அழிச்ச பிறகு கலரியில "அண்மையில அழிச்சவை" எண்ட ஃபோல்டரையும் வெறுமையாக்குங்கோ, கன பேர் அதை மறக்கிறவை.

இன்னொண்டு. இதெல்லாம் இரவோடு இரவா செய்து ஃபோனை முழுசா துடைச்சு காலி ஃபோனோட போய் நிக்காதீங்கோ. முப்பத்தஞ்சு வயசு மனிசன்ட ஃபோனில ஒரு படமும் இல்ல, ஒரு மெசேஜும் இல்ல எண்டா அதுவே ஒரு கேள்வி. சாதாரண ஃபோன் மாதிரி இருக்கோணும், குடும்பப் படம் நாலு, அம்மாவின்ட குட் மோர்னிங் பூப்படம், வேலைக்கு வேண்டியது. மேசையில வச்சு மறிச்ச பிறகு அழிக்க வெளிக்கிடுறது அதைவிட முட்டாள்தனம்.

லெப்டொப்பில இருக்கிறது உங்கட மட்டும் இல்ல, உங்கட கிளையண்ட்டின்டயும். இங்க 2022 இன் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எண்டு ஒண்டு வந்திருக்கு, வாடிக்கையாளர்ட விபரங்களை நினைச்ச மாதிரி காவிக்கொண்டு திரியிறது இனி சும்மா விசயம் இல்ல. எண்டபடியா ட்ரிப்புக்கு தேவையான ஃபைல் மட்டும் லெப்டொப்பில, மிச்சம் எல்லாம் கொம்பனி சேர்வரில. பெரிய கொம்பனிகள் ட்ரிப்புக்கு எண்டே வெறும் லெப்டொப் ஒண்டு வச்சிருக்கினம், போகேக்க தந்து வந்த பிறகு வாங்கி துடைச்சு வைக்கிறவை. உங்கட ஐ.டி. ஆக்களிட்ட கேளுங்கோ, இல்லையெண்டு சொன்னாலும் கேட்டதா ஒரு ஈமெயில் இருக்கட்டும்.

பென் டிரைவ் பற்றி சொல்லுறன் எண்டன் இல்லையா. என்ட பேக்கின்ட உள் பொக்கெட்டில ரெண்டு வருசமா ஒண்டு கிடந்தது, மூடி உடைஞ்சு லப்பர் பாண்ட் போட்ட பென் டிரைவ். ஒருநாள் சும்மா போட்டுப் பாத்தன், அதுக்குள்ள நான் விட்டு வந்த பழைய கொம்பனியின்ட சம்பளப் பட்டியல் முழுக்க கிடக்கு, பாஸ்வேர்ட்டும் இல்லாம. அதோட நான் மூண்டு நாட்டுக்கு போய் வந்திருக்கிறன்! பென் டிரைவை தேடி எடுத்து வீட்டில வையுங்கோ.

படி 3: பூட்டுங்கோ, ஆனா திறக்கவும் தெரிஞ்சிருக்கோணும்

லெப்டொப்பில டிஸ்க் முழுக்க என்கிரிப்ட் ஆகி இருக்கோணும் (பாஸ்வேர்ட் இல்லாம ஆரும் வாசிக்க ஏலாதபடி), விண்டோஸ் எண்டா பிட்லொக்கர், மெக் எண்டா ஃபைல்வோல்ட். ரிகவரி கீயை பிரின்ட் எடுத்து வீட்டு அலுமாரிக்குள்ள வையுங்கோ, லெப்டொப் பேக்குக்குள்ள இல்ல, அது திறப்பை கதவிலேயே தொங்கவிட்டு போற கதை. ஃபோனுக்கு நாலு இலக்க பின் காணாது, ஆறு இலக்கமாவது போடுங்கோ.

எல்லை வரிசைக்கு வரேக்க ஸ்க்ரீனை லொக் பண்ணினா காணாது, ஃபோனை முழுசா ஓஃப் பண்ணுங்கோ. ஓஃப் பண்ணி ஓன் பண்ணின ஃபோன் முதல் தரம் பாஸ்கோட் அடிக்கும் மட்டும் விரலுக்கும் திறக்காது முகத்துக்கும் திறக்காது, உள்ளுக்கு இருக்கிற டேட்டாவும் என்கிரிப்ட் ஆனபடியே கிடக்கும். லெப்டொப்பும் அப்படித்தான், மூடி வச்சா அது நித்திரை, ஷட் டவுன் பண்ணினாத்தான் பூட்டு.

பாஸ்வேர்ட் குடுக்கிறதா விடுறதா எண்டதை வரிசையில நிண்டு யோசிக்காதீங்கோ. கொம்பனி லெப்டொப் எண்டா போக முதலே மேனேஜரிட்டயோ லீகல் ஆக்களிட்டயோ கேளுங்கோ: "திறக்கச் சொன்னா நான் என்ன செய்ய?" கன இடத்தில பதில், திறந்து குடு, ஆனா பாஸ்வேர்ட்டை சொல்லாம நீயே அடி, உடன எங்களுக்கு சொல்லு எண்டதுதான்.

படி 4: பற்றரி கணக்கு

சுருக்கமா சொன்னா, பவர் பேங்கும் தனி லித்தியம் பற்றரியும் கை பேக்கில மட்டும், சூட்கேசில போடவே கூடாது. கணக்கு வாட்-அவரில (Wh, பற்றரி எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் எண்ட அளவு). பவர் பேங்கில எம்.ஏ.எச் (mAh) எண்டு போட்டிருந்தா அதை 3.7 ஆல பெருக்கி ஆயிரத்தால பிரியுங்கோ. 20,000 எண்டா 74 வாட்-அவர், பிரச்சினை இல்ல. 30,000 எண்டா 111, அது 100 ஐ தாண்டிட்டுது, எயார்லைன்ட அனுமதி வேணும். 160 க்கு மேல பயணிகள் விமானத்தில ஏத்தவே ஏலாது. பெரிய லெப்டொப்புகளில பற்றரி 99 சொச்சத்தோட நிக்கிறதுக்கு காரணமும் இந்த 100 தான்.

இந்த நம்பர் பவர் பேங்கில தெரியோணும், அதுதான் விசயம். பெட்டாவில மலிவா வாங்கினது எண்டா ஆறு மாசத்தில எழுத்தெல்லாம் அழிஞ்சு வெறும் வெள்ளைக் கட்டி மாதிரி ஆயிடும், எழுத்தில்லாட்டி அதிகாரி எறியச் சொல்லுவார், நீங்கள் வாயால சொல்லுற கணக்கு எடுபடாது. பெட்டாவில 50,000 எண்டு போட்டு விக்கிற சாமான் இன்னொரு பகிடி, உள்ளுக்கு அவ்வளவு இருக்காது, ஆனா லேபிளில அந்த நம்பர் கிடக்கிறதால விமானத்தில ஏத்த விடாயினம். பொய்க்கு நீங்கள் தண்டம் கட்டுறீங்கள்.

2025 ஜனவரி 28 இல தென் கொரியாவில கிம்ஹே எயார்போட்டில எயார் பூசான் விமானம் ஒண்டு நிலத்தில நிக்கேக்கயே எரிஞ்சது, மேல் லொக்கரில இருந்த பவர் பேங்க் காரணமா இருக்கலாம் எண்டு பிறகு சொன்னவை. அதோட விதிகள் இறுகிட்டுது. சிங்கப்பூர் எயார்லைன்ஸில 2025 ஏப்ரலில இருந்து விமானத்துக்குள்ள பவர் பேங்கால சார்ஜ் பண்ணவும் ஏலாது, பவர் பேங்கை சார்ஜ் பண்ணவும் ஏலாது. எமிரேட்ஸில 2025 ஒக்டோபரில இருந்து ஒரு ஆளுக்கு ஒண்டு, 100 வாட்-அவருக்கு கீழ, பாவிக்கக் கூடாது, மேல் லொக்கரிலயும் வைக்கக்கூடாது. சீனாவுக்குள்ள உள்ளூர் ஃப்ளைட் எடுக்கப் போறீங்கள் எண்டா 2025 ஜூன் 28 இல இருந்து 3சி முத்திரை (சீனாவின்ட பாதுகாப்புச் சான்று) இல்லாத பவர் பேங்கை விடாயினம், குவாங்சோவில இறங்கி ஷாங்காய் மாறுற ஆக்களுக்குத்தான் இது அடிக்கிறது. ஒண்டே ஒண்டு கொண்டுபோங்கோ, பத்தாயிரமோ இருபதாயிரமோ, எழுத்து வடிவா தெரியிறதா.

வேப் பாவிக்கிற ஆக்களுக்கு: அதுவும் பற்றரி சாமான்தான், ஆனா சிங்கப்பூரில கையில வச்சிருந்தாலே குற்றம், இந்தியாவில 2019 இல இருந்து தடை. வீட்டில வையுங்கோ.

படி 5: போற நாட்டுக்கு என்ன பிடிக்காது

இந்தியா எண்டா சாட்டலைட் ஃபோன். அனுமதி இல்லாம கொண்டுபோனா கைது செய்வினம், பகிடி இல்ல. மலையேறுற ஆக்கள் பாவிக்கிற கார்மின் இன்ரீச் மாதிரி சின்ன சாமானும் அதுக்குள்ள அடங்கும், வெளிநாட்டுக்காரர் தெரியாம கொண்டுபோய் எயார்போட்டில மாட்டினவை. ட்ரோனும் இந்தியாவுக்கு கொண்டுபோகாதீங்கோ, 2022 இல இருந்து இறக்குமதி தடை.

துபாய் எண்டா வட்ஸ்அப் கோல் எடுபடாது, மெசேஜ் போகும். மீற்றிங்குக்கு டீம்ஸ், சூம் வேலை செய்யும். "வி.பி.என் (இன்டர்நெட்டை வேற இடத்தால சுத்திவிடுற எப்) போட்டா சரி மச்சான்" எண்டு ஆரும் சொன்னா காதில போடாதீங்கோ. வி.பி.என் ஐ பாவிச்சு சட்டவிரோதமான காரியம் செய்தா தண்டம் 5 லட்சம் திர்ஹாமில இருந்து 20 லட்சம் வரைக்கும் எண்டு 2021 சட்டத்தில கிடக்கு. ஓஃபிஸ் வி.பி.என் ஓஃபிஸ் வேலைக்கு எண்டா வேற கதை.

சீனாவில கூகுள், வட்ஸ்அப் ஒண்டும் இல்ல. ஆனா எங்கட சிம்மில ரோமிங் டேட்டா போட்டுக்கொண்டு போனா பெரும்பாலும் வேலை செய்யும், டேட்டா எங்கட நெட்வேர்க் வழியா சுத்தி வாறதால. ஹோட்டல் வைஃபையில ஏறின உடன நிண்டுடும்.

அமெரிக்க விசா ஃபோமில 2019 இல இருந்து கடைசி அஞ்சு வருசத்து சமூக ஊடகக் கணக்கெல்லாம் கேக்கிறவை. அதில எழுதாத கணக்கு ஒண்டு ஃபோனில திறந்தபடி கிடந்தா அது உங்கட வாயாலேயே சொன்ன பொய் மாதிரி.

படி 6: காசும் ஓ.டி.பி யும்

இதை ஆரும் எல்லைப் பிரச்சினையா நினைக்கிறேல்ல, ஆனா என்னை அழ வச்சது இதுதான். இறங்கின உடன அங்கத்தைய சிம் ஒண்டை போட்டு எங்கட சிம்மை கழட்டி பர்சுக்குள்ள வச்சன். ஹோட்டலில கார்ட் அடிக்க பேங்க் ஓ.டி.பி அனுப்புது, பர்சுக்குள்ள கிடக்கிற சிம்முக்கு! பிறகு திருப்பிப் போட்டா ரோமிங் ஓன் பண்ணேல்ல, ஓன் பண்ண கஸ்டமர் கேருக்கு கோல் எடுக்கோணும், கோல் எடுக்க ரோமிங் வேணும்.

இப்ப என்ட முறை இதுதான்: கொழும்பில நிக்கேக்கயே ரோமிங் ஓன், ஆனா டேட்டா ரோமிங் ஓஃப், அப்ப ஓ.டி.பி எஸ்.எம்.எஸ் வரும், டேட்டா பில் ஏறாது, வாற கோலை மட்டும் எடுக்காதீங்கோ. டேட்டாவுக்கு ஒரு ஈ-சிம். ஓஃபிஸ் லொகினுக்கு ஒத்தென்டிகேட்டர் எப் பாவிக்கிறீங்கள் எண்டா பேக்கப் கோட் எல்லாத்தையும் கடதாசியில எழுதி வேற பேக்கில வையுங்கோ. ஃபோனை எல்லையில எடுத்து வச்சுக்கொண்டா, இல்ல டக்சியில விட்டா, அந்தக் கடதாசி இல்லாம உங்கட ஈமெயிலுக்குள்ளயே நீங்கள் போக ஏலாது.

படி 7: கட்டுநாயக்கவில இருந்து அந்தப் பக்க மேசை வரைக்கும்

வெளிக்கிட முதல் எல்லாத்தையும் சார்ஜ் பண்ணுங்கோ. ஓன் பண்ணிக் காட்டச் சொல்லுற எயார்போட் இருக்கு, ஓன் ஆகாட்டி ஏத்த மாட்டினம். 2017 இல டுபாய், டோஹா வழியா நேர அமெரிக்கா போன ஆக்களை லெப்டொப்பை கபினுக்குள்ள விடாம சூட்கேசில போடச் சொன்ன கூத்தும் நடந்தது, மார்ச்சில தொடங்கி ஜூலையில எடுத்துப் போட்டினம். அதால லெப்டொப்புக்கு எப்பவும் ஒரு பஞ்சு உறை வச்சிருங்கோ.

கட்டுநாயக்கவில கட்டிடத்துக்குள்ள போகேக்கயே ஒரு ஸ்கேன், பிறகு கேற்றடியில இன்னொண்டு. லெப்டொப்பை பேக்கின்ட அடியில வச்சு அதுக்கு மேல சேட்டையும் பலகாரத்தையும் அடுக்கிக்கொண்டு போனா ரெண்டு தரமும் கிளறோணும். சென்னையில இன்னும் மோசம், சார்ஜர் வயர், பவர் பேங்க், ஹெட்ஃபோன் எல்லாம் வெளிய எடுத்து தட்டில போடச் சொல்லுவினம். எல்லாத்தையும் ஒரு சிப் பையில போட்டு வச்சா ஒரே இழுவையில எடுத்து வைக்கலாம், நான் பழைய பென்சில் பொக்ஸ் ஒண்டு பாவிக்கிறன், மகளின்ட, டைனோசோர் படம் போட்டது.

இமிகிரேஷன் மேசையில கேள்விக்கு சின்னப் பதில், உண்மைப் பதில். ஏன் வந்தனீர், எத்தின நாள், எங்க நிக்கிறீர், ஆர் கூப்பிட்டது. மீற்றிங்குக்கு வந்தா மீற்றிங் எண்டு சொல்லுங்கோ. பிஸ்னஸ் விசாவில வந்து நிண்டுகொண்டு லெப்டொப்பை காட்டி "இங்க வேலை செய்ய வந்தனான்" எண்டு வாய் தவறினா முழு நாளும் போயிடும், வேலை விசா வேற, பிஸ்னஸ் விசா வேற.

சாதனத்தை கேட்டு எடுத்தினம் எண்டா கோவப்படாதீங்கோ, சிரிச்சு மழுப்பவும் வேண்டாம். ஆர் எடுத்தது, என்னத்தை, எத்தின மணிக்கு, எப்ப திருப்பி வரும், கையில ரசீது ஒண்டு. கொம்பனிச் சாமான் எண்டா "இது கொம்பனியின்ட, உள்ள கிளையண்ட் விபரம் இருக்கு, நான் மேனேஜருக்கு அறிவிக்கோணும்" எண்டு மரியாதையா சொல்லுங்கோ, கடிதத்தை காட்டுங்கோ. கண் முன்னால இருந்து எடுத்துக்கொண்டு போன ஃபோனை திரும்ப தந்த பிறகு அதில திரும்ப பேங்க் எப் திறக்க வேண்டாம், ஐ.டி. ஆக்கள் பாத்து முடியும் மட்டும் பாஸ்வேர்ட் எல்லாம் வேற சாதனத்தில இருந்து மாத்துங்கோ.

படி 8: ஹோட்டலில

சிங்கப்பூர், மலேசியா, துபாய், லண்டன் எல்லாத்திலயும் எங்கட 13 அம்பியர் சதுர பிளக்தான், அடப்டர் தேவையில்ல. ஆனா வீட்டில பழைய வட்டப் பின் வயரை கழட்டிக்கொண்டு போனா அங்க ஒண்டுக்கும் பொருந்தாது. சார்ஜரில 100–240 எண்டு போட்டிருந்தா அமெரிக்க 120 வோல்ட்டும் தாங்கும். மற்றபடி லொபியில கிடக்கிற யூ.எஸ்.பி ஓட்டையில குத்தாம உங்கட சார்ஜரை சுவரில குத்துங்கோ, லெப்டொப்பை அறையில விட்டுப் போகேக்க ஷட் டவுன்.

படி 9: திரும்பி வரேக்க

போகேக்க ஒரு ஃபோன், வரேக்க நாலு ஃபோன் எண்ட கதை எங்கட ஊரில புதுசில்ல. மச்சானுக்கு ஒண்டு, மருமகனுக்கு ஒண்டு எண்டு பெட்டியோட கொண்டு வந்தா பச்சை வழியால நழுவப் பாக்காம சிவப்பு வழியால போய் சொல்லிக் கட்டுறது மலிவு, பிடிபட்டா சாமானும் போய் தண்டமும் போகும். ஃபோன் வாங்க முதல் *#06# அடிச்சா 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ நம்பர் வரும். ஐ.எம்.ஈ.ஐ எண்டு இங்கிலீஷில அடிச்சு, ஒரு இடைவெளி விட்டு, அந்த நம்பரை 1909 க்கு எஸ்.எம்.எஸ் அனுப்பினா தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில பதிஞ்சதோ இல்லையோ எண்டு பதில் வரும். லிபர்ட்டி பிளாசாவில இரண்டாம் கை ஃபோன் வாங்கிற ஆக்களும் இதை செய்யுங்கோ. ட்ரோன் வாங்கிக்கொண்டு வாற ஐடியா இருந்தா, இங்க முன் அனுமதி இல்லாம எயார்போட்டிலேயே நிண்டுடும்.

வீட்டுக்கு வந்த அண்டைக்கே ட்ரிப்பில பாவிச்ச பாஸ்வேர்ட்டை மாத்துங்கோ, இரவல் லெப்டொப்பை திறக்காமலே ஐ.டி. ஆக்களிட்ட குடுங்கோ, ரோமிங்கை ஓஃப் பண்ணுங்கோ. கொம்பனிக் கடிதம், சீரியல் நம்பர் லிஸ்ட், பேக்கப் கோட் கடதாசி மூண்டையும் ஒரு கவரில போட்டு பாஸ்போட்டுக்குள்ள செருகி வையுங்கோ, அடுத்த முறை அட்மின் அக்காவை நித்திரையால எழுப்பாம திகதியை மட்டும் மாத்தி அடிச்சு எடுக்கலாம்.